எலும்பு விரிசல் ஆறியபின் அல்ட்ரா மாரத்தானுக்கு எப்படித் தயாராவது?

கீழ்க்கால் எலும்பில் விழுந்த விரிசல் ஆறிவிட்டது, 50 கிலோமீட்டர் அல்ட்ரா (மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்) ஓட வேண்டும் என்கிறீர்கள். மருத்துவர் ஓடலாம் என்று சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நேரத்தில் மூச்சை நம்பக் கூடாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுவதால்தான் பலருக்கு அதே இடத்தில் மறுபடி விரிசல் விழுகிறது.

முதலில் 30 நிமிடம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிய வேண்டும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்று மாறி மாறி. தசை வலி பரவாயில்லை; எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தூரம் கூடிய பிறகே வேகம். நீண்ட நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்ட்ராவில் செங்குத்தான ஏற்றங்களைப் பெரும்பாலோர் நடந்துதான் கடக்கிறார்கள்.