அம்மாவைப் பார்த்துக்கொள்பவருக்கு வருமான வரியில் என்ன கிடைக்கும்? – வாசகர் கேள்விகள்

ரிட்டர்ன் சீசன் வந்தாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்தான். வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார், செலவு கையைக் கடிக்கிறது, வரியில் ஏதாவது குறையுமா? கீழே சொல்லியிருப்பதெல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு, அதாவது 1961-ஆம் வருடச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அடுத்த வருடம் இதே பிரிவுகளைத் தேடினால் வேறு எண்ணில் இருக்கும்.

கே: வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் மாதாமாதம் 25,000 அனுப்புகிறார். இது எனக்கு வருமானமா? அவருக்கு ஏதாவது சலுகை உண்டா? – வாசகி, தஞ்சாவூர்

வருமானம் இல்லை. உடன்பிறந்தவர் சட்டப்படி 'உறவினர்', உறவினர் கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு என்றாலும் வரி கிடையாது. அந்தப் பணத்தில் மிச்சம் பிடித்து டெபாசிட் போட்டால் அதன் வட்டி மட்டும் உங்கள் கணக்கில் வரும். ஒரே ஒரு விஷயம், அண்ணன் பணம் அனுப்பும்போது குறிப்பில் 'சம்பளம்' என்று எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். விளையாட்டாக அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், பிறகு அதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

பணம் அனுப்புவதற்காக மட்டும் அண்ணனுக்கு எதுவும் கிடைக்காது. அம்மாவுக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் இருந்து, அம்மாவின் செலவை முக்கியமாக அவரே தாங்குகிறார் என்றால் 80டிடி பிரிவில் அவர் கழிவு (வரி போடும் வருமானத்தில் குறைத்துக்கொள்ளும் தொகை) கேட்கலாம், உங்களுக்குத்தான் வருமானம் இல்லையே, அவரே கேட்கட்டும். நீங்கள் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து படுக்கை விரிப்பை மாற்றுவதற்கு மட்டும் எந்தப் பிரிவும் இல்லை. நம் சட்டத்துக்கு பில் தெரியும், ஆள் தெரியாது.

கே: சம்பளம் 14 லட்சம். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு 85 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் புதிய முறையில் போட்டு வரி பிடித்துவிட்டார்கள். 80டிடி போச்சா? – வாசகர், கோவை

போகவில்லை, ஆனால் அவசரப்பட்டுப் பழைய முறைக்குத் தாவவும் வேண்டாம். வரி கணக்கிட இரண்டு வழி: புதிய முறையில் விகிதம் குறைவு, 80டிடி போன்ற கழிவுகள் இல்லை; பழைய முறையில் விகிதம் அதிகம், கழிவுகள் உண்டு.

முதலில் 80டிடி என்ன என்று சொல்லிவிடுகிறேன். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், இவர்களில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்து உங்களைச் சார்ந்திருந்தால் 75,000 கழிவு. 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. மருத்துவம், பயிற்சி, மறுவாழ்வு என்று ஏதாவது செலவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தொகைக்கு பில் கூட்டிக் காட்ட வேண்டியதில்லை, 40,000 செலவழித்தாலும் 4 லட்சம் செலவழித்தாலும் கழிவு அதே 1,25,000. நர்ஸிங் செலவும் இதில் சேரும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, ஆகவே வீட்டுக்கு வரும் நர்ஸுக்குக் கொடுப்பதும் கணக்குதான்.

ஆனால் இது வருமானத்திலிருந்து கழிவது, வரியிலிருந்து அல்ல. 1,25,000 கழிவால் 20 சதவீத அடுக்கில் மிச்சமாவது 26,000, 30 சதவீத அடுக்கில் 39,000, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து.

இப்போது உங்கள் கணக்கு. புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு (சம்பளக்காரர்களுக்கு பில் இல்லாமலே கிடைப்பது) போக 13,25,000. வரி 78,750, செஸ்ஸோடு 81,900. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்ந்து சேமிப்புக்கான 80சி பிரிவில் முழு 1,50,000, அம்மாவுக்காக 1,25,000, குடும்பத்து மெடிக்ளெய்ம் 25,000, அறுபது தாண்டிய அப்பாவின் பாலிசிக்கு 50,000 என்று தாராளமாகவே போடுகிறேன். மிச்சம் சரியாக 10 லட்சம். வரி 1,12,500, செஸ்ஸோடு 1,17,000. இத்தனை கழித்தும் புதிய முறையைவிட 35,100 அதிகம்!

வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் இருந்தால்தான் தராசு சாயும். அப்போது வருமானம் 8 லட்சம், வரி 75,400, பழைய முறையில் 6,500 லாபம். 6,500 ரூபாய்க்கு இத்தனை காகிதமா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? புதிய முறையில் 80டி (மெடிக்ளெய்ம், மருத்துவச் செலவு), 80டிடி, 80டிடிபி (சில கடும் நோய்களின் சிகிச்சை), 80யு (மாற்றுத்திறனாளி தனக்காகவே கேட்பது) எதுவுமே கிடையாது. குறைந்த விகிதத்தைக் கொடுத்து இதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டுக்கும் யாரும் இல்லாத வீட்டுக்கும் ஒரே வரி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் சட்டம் அதுதான்.

சம்பளம் 12,75,000-க்குள் என்றால், பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானம் இல்லாதவரை, புதிய முறையில் வரியே இல்லை. அவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஆபீஸில் எந்த முறையில் பிடித்திருந்தாலும் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம், கெடுவுக்குள் போட்டால் மட்டும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31. ஒரு நாள் தாண்டினாலும் புதிய முறைதான். தொழில் வருமானம் உள்ளவர்கள் 10-ஐஇஏ படிவம் கொடுத்தால்தான் பழைய முறை, அதிலிருந்து ஒருமுறை திரும்பி வந்தால் அப்புறம் தொழில் இருக்கும்வரை மறுபடி போக முடியாது.

கே: மகனுக்கு 9 வயது, ஆட்டிசம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். யார் கேட்பது? அவன் பெயரில் பாட்டி போட்ட டெபாசிட் வட்டியை நாங்கள்தான் காட்டுகிறோம், அது சரியா? – வாசகி, சென்னை

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது, பல ஆடிட்டர்களே இதைக் கவனிப்பதில்லை. மைனர் பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரோடு சேர்க்க வேண்டும் என்பது பொது விதி. 80யு பிரிவில் சொல்லப்பட்ட குறைபாடு உள்ள குழந்தைக்கு இந்த விதி பொருந்தாது, ஆட்டிசம் அதில் அடக்கம். வட்டி அவனுடையது, அவனுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் பெரும்பாலும் வரியே வராது. இது கழிவு அல்ல என்பதால் நீங்கள் புதிய முறையில் இருந்தாலும் செல்லும். மகன் பெயரில் பான் எடுத்து பேங்கில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பான் எண்ணிலேயே டிடிஎஸ் (பேங்க் முன்கூட்டியே பிடிக்கும் வரி) ஏறிக்கொண்டிருக்கும்.

முதல் கேள்விக்கு: பழைய முறையில் இருப்பவர், இருவரும் அதில் இருந்தால் அதிக வரி கட்டுபவர், யாராவது ஒருவர் மட்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு இவற்றுக்கு 10-ஐஏ படிவம் வேண்டும். குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவரோ அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அதிகாரியோ கையெழுத்திட வேண்டும், அதை போர்ட்டலில் ஏற்றிவிட்டு ரிட்டர்ன் போடுங்கள். மகன் பெயரில் ரிட்டர்ன் போட்டு அதில் 80யு கேட்டுவிடாதீர்கள். அவன் கேட்டால் உங்கள் 80டிடி போய்விடும்.

கே: அம்மாவுக்கு (66) வாரம் இரண்டு டயாலிசிஸ். வருடத்தில் 1,80,000 கட்டினேன், இன்சூரன்ஸில் 70,000 வந்தது. மிச்சம் 1,10,000, அதில் ஒரு லட்சம் கழிவு என்று எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், மதுரை

முடியாது. நானே ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு இப்படிப் போட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு திருத்திய ரிட்டர்ன் போட்டிருக்கிறேன். 80டிடிபி பிரிவில் முதலில் உச்சவரம்பு, அப்புறம்தான் இன்சூரன்ஸ். செலவு எவ்வளவு ஆனாலும் அறுபது தாண்டிய நோயாளிக்கு ஒரு லட்சம், மற்றவர்களுக்கு 40,000. அந்த ஒரு லட்சத்திலிருந்து வந்த 70,000-ஐக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 30,000-தான்.

வயது அம்மாவின் வயது, உங்களுடையது அல்ல. அம்மா உங்களைச் சார்ந்திருக்க வேண்டும். சிறுநீரக மருத்துவரின் சீட்டு வேண்டும், அதில் நோயாளி பெயர், வயது, நோயின் பெயர், மருத்துவரின் படிப்பு, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். சாதாரண மருந்துச் சீட்டு போதாது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், தாலசீமியா, ஹீமோஃபீலியா, எய்ட்ஸ், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள பார்க்கின்சன், மறதிநோய் போன்ற சில நரம்பு நோய்கள், இவைதான் பட்டியல். மாரடைப்பும் சர்க்கரையும் இல்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கே: கணவர் இறந்துவிட்டார். பார்வை இல்லாத மாமியாரை நான்தான் வைத்துக் காப்பாற்றுகிறேன். 80டிடி? – வாசகி, விருதுநகர்

இல்லை. நான் மேலே சொன்ன உறவுப் பட்டியலில் மாமியார், மாமனார் கிடையாது. தாத்தா, பாட்டி, அத்தையும் கிடையாது. 80டி-யில் வரும் 'பெற்றோரும்' உங்கள் சொந்தப் பெற்றோர்தான். கணவர் இருந்திருந்தால் அவர் கணக்கில் கேட்டிருக்கலாம். மருமகள்கள்தான் பாதி வீடுகளில் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களைத்தான் பட்டியலில் காணோம்.

கே: அப்பாவுக்கு 74. பாலிசி எதுவும் இல்லை, எந்தக் கம்பெனியும் தரவில்லை. மருந்துச் செலவை நானும் தம்பியும் பகிர்ந்துகொள்கிறோம். அவருக்கு 3,200 பென்ஷன் வருகிறது. யார் கழிவு கேட்பது? – வாசகர், சேலம்

இருவருமே கேட்கலாம். இன்சூரன்ஸ் இல்லாத அறுபது தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 80டி-யில் 50,000 வரை இடம் இருக்கிறது, பெற்றோர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது, அதனால் பென்ஷன் பிரச்சினையே இல்லை. அவரவர் கட்டியதை அவரவர் காட்டுங்கள், ஒரே பில்லை இருவரும் அல்ல. ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. மருந்துக்கடையில் கூகுள் பே-யில் அடியுங்கள், தம்பி அவர் போனில், நீங்கள் உங்கள் போனில்.

பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த வழவழப்பான தாளில் அச்சு ஆறு மாதம் நிற்காது. நோட்டீஸ் வந்ததும் ஒருவர் பிஸ்கட் டப்பா நிறைய பில் கொண்டுவந்தார், திறந்து பார்த்தால் முக்கால்வாசி வெள்ளைத் தாள்.

கே: துபாயில் இருக்கிறேன். சென்னை வீட்டு வாடகைக்கு இந்தியாவில் வரி கட்டுகிறேன். திருநெல்வேலியில் உள்ள அப்பாவுக்காக 80டிடி உண்டா?

80டிடி, 80டிடிபி இரண்டும் இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அப்பா பெயரில் மெடிக்ளெய்ம் கட்டினால் 80டி உண்டு, பழைய முறையில்.

கே: தங்கையின் சான்றிதழ் 2025 செப்டம்பரில் காலாவதி ஆகிவிட்டது. இந்த வருடம் கேட்கலாமா? – வாசகர், ஈரோடு

கேட்கலாம். காலாவதியான நிதியாண்டு முடியும்வரை அது செல்லும், அதாவது 2026 மார்ச் 31 வரை. 2026-27 கணக்குக்குப் புதுச் சான்றிதழ் வேண்டும். மறுபரிசோதனையில் சதவீதம் 40-க்குக் கீழே போனால் கழிவு இல்லை. போகும்போது பழைய சான்றிதழ், பழைய ஸ்கேன், யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போய் ஒன்று இல்லையென்றால் தங்கையை மறுபடி வண்டி வைத்து அழைத்துப்போக வேண்டியிருக்கும்.