டிசம்பரில் க்ளொக் ஊற்றப்போகும் தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் ஸ்வீடனின் கோதன்பர்க் வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அலுவலகத்தில் இரண்டு பேர் அட்வென்ட் ஞாயிறுகளில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில், க்ளொக் என்கிற சூடான மசாலா ஒயின் குடிக்க உங்களை வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். பதிலுக்கு நாமும் ஒரு பத்துப் பேரைக் கூப்பிட வேண்டும் என்று உங்கள் மனைவி சொல்கிறார். நீங்கள் இருவரும் குடிப்பதில்லை. மது ஊற்றாவிட்டால் குறையாக நினைப்பார்களா, சாப்பிட என்ன வைப்பது, எத்தனை வகை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். மது ஊற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குடிக்காதவர்கள் இந்த ஊரிலேயே நிறைய இருக்கிறார்கள். மதுவிலக்கு இயக்கங்கள் நூறு வருடத்துக்கு மேலாக வேரூன்றிய நாடு இது. 'ஆல்கஹோல்ஃப்ரி' என்று அழைப்பில் ஒரு சொல் எழுதிவிட்டால் போதும், யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நம் ஊர் விருந்தோம்பலை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்குவதில்தான் சிக்கல் வருகிறது. எனக்கு வந்தது.

நான் இங்கே வந்து 16 வருடம் ஆகிறது. இரண்டாவது டிசம்பரில் கணவருடைய அலுவலகத்திலிருந்து 14 பேரை அழைத்தோம். 'ஞாயிறு 3 மணிக்கு க்ளொக் குடிக்க வாருங்கள்' என்றுதான் செய்தி அனுப்பினோம். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப எனக்கு மனம் வருமா? முதல் நாள் இரவே இறைச்சியை ஊறவைத்து, இரண்டு கிலோ பாசுமதி அரிசியில் பிரியாணி, தாளிச்சா, தயிர்ப் பச்சடி, கேசரி என்று எல்லாம் செய்தேன். மூன்று மணி அடித்தபோது வாசலில் மணி அடித்தது. பதினான்கு பேரும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கோப்பை, இரண்டு பிஸ்கட், நல்ல பேச்சு. ஐந்து மணிக்கு நான் சமையலறையில் தம் பிரித்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் கோட்டு மாட்டும் சத்தம் கேட்கிறது. ஓடிப் போய்க் கெஞ்சினேன். நான்கு பேர் தர்மசங்கடத்தோடு உட்கார்ந்து இரண்டு கரண்டி சாப்பிட்டார்கள். மற்றவர்கள் கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று இரவு அந்த அண்டாவைப் பார்த்து அழுதேன்.

மறுநாள் மேல்வீட்டு அம்மாவுக்கு ஒரு டப்பாவில் பிரியாணி கொண்டுபோனபோது அவர்தான் விளக்கினார். இங்கே அழைப்பில் இருக்கிற சொல்தான் சாப்பாட்டுப் பட்டியல். க்ளொக் என்று எழுதினால் க்ளொக்தான். வந்தவர்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருப்பார்கள், இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிப் போவதாகத் திட்டம் வைத்திருப்பார்கள். நம் ஊரில் 'ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க' என்று கூப்பிட்டாலும் கடைசியில் இலை போட்டுத்தான் அனுப்புவோம். இவர்கள் எழுதியதை எழுதியபடி நம்புகிறவர்கள். அதை நான் ஒட்டாத மனம் என்று தப்பாக எடுத்துக்கொண்டேன். சொன்ன நேரத்துக்கு வந்ததும், சொன்ன நேரத்தில் எழுந்ததும் எனக்குக் கொடுத்த மரியாதை என்று புரியச் சில வருடம் ஆயிற்று.

அதனால் அழைப்பை இப்படி எழுதுங்கள்: 'ஞாயிறு 15 முதல் 17.30 வரை. ஆல்கஹோல் இல்லாத க்ளொக்கும் தில்டுக்கும்.' தில்டுக் என்றால் கொறிக்கிற சின்னத் தீனிகள். முடியும் நேரத்தைப் போடுவது இங்கே முகத்தில் அடித்தது போல ஆகாது. எல்லாருக்கும் நிம்மதி. கூடவே, யாருக்காவது உணவு ஒவ்வாமை உண்டா என்று ஒரு வரி கேளுங்கள். பத்துப் பேரில் ஒருவருக்குக் கோதுமை ஆகாது, ஒருவருக்குப் பால் ஆகாது, ஒருவர் பால், முட்டை, இறைச்சி எதுவும் தொடாத வீகன் என்று கட்டாயம் பதில் வரும். மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள், டிசம்பர் ஞாயிறுகள் சீக்கிரம் நிரம்பிவிடும். லூசியா என்கிற ஒளித் திருநாளான 13-ஐ ஒட்டி, குழந்தை உள்ளவர்களுக்குப் பள்ளி நிகழ்ச்சிகள் இருக்கும். 24-ஐ மட்டும் தொடவே வேண்டாம். அது முழுக்கக் குடும்பத்துக்கான நாள். மதியம் மூன்று மணிக்கு டொனால்டு டக் நிகழ்ச்சியை வீடு மொத்தமும் உட்கார்ந்து பார்க்கிற வழக்கம் 1960-லிருந்து இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி க்ளொக். இதுவரை குடித்திருக்க மாட்டீர்கள், ஆனால் வாயில் வைத்ததும் தெரிந்த சுவையாக இருக்கும். ஏலக்காய், கிராம்பு, பட்டை, இஞ்சி, கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோல். அந்தத் தோல் எனக்கு நார்த்தங்காயை நினைவுபடுத்தும். இவற்றைச் சிவப்பு ஒயினில் இனிப்போடு சேர்த்துச் சூடாக்குவதுதான் மதுவுள்ள வகை. சின்னக் கோப்பையில் உலர்திராட்சையும் தோலுரித்த பாதாமும் போட்டு, மேலே ஊற்றி, ஒரு குட்டிக் கரண்டியோடு கொடுப்பார்கள். நம்முடைய சுக்குக் காப்பிக்குப் பக்கத்து வீடு என்றே சொல்லலாம்.

கடையில் ஆயத்த க்ளொக் உண்டு. மளிகைக் கடையில் கிடைப்பது ஆல்கஹோலே இல்லாததும், 2.2 சதவீத லேசான வகையும். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும், எழுத்தைப் படித்து எடுங்கள். 15 சதவீத வகை அரசுக் கடையான சிஸ்டம்பூலாகெட்டில் மட்டும். இந்த நாட்டில் 3.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பியரோ, ஒயினோ வீட்டுக்கு வாங்கப் பெரும்பாலும் அந்தக் கடைதான். 20 வயது ஆகியிருக்க வேண்டும், சனிக்கிழமை 3 மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. ப்ளொஸ்ஸா என்கிற பிராண்டில் 2003 முதல் வருடத்துக்கு ஒரு புதுச் சுவையில் க்ளொக் வருகிறது. 'இந்த வருடத்தது குடித்தாயா' என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள், நீங்களும் தெரிந்து வைத்திருந்தால் பேச்சுக்கு உதவும்.

ஆனால் நான் சொல்வேன், வீட்டிலேயே செய்யுங்கள். பத்துப் பேருக்கு என் அளவு இது. முக்கால் லிட்டர் தண்ணீரில் மூன்று பட்டை, தட்டிய ஏலக்காய் பன்னிரண்டு, கிராம்பு பத்து, கட்டைவிரல் அளவு சுக்கை நசுக்கியது, வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய ஆரஞ்சுத் தோல். இவற்றைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி, இரவு முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் வடிகட்டி, ஸ்வார்ட் வின்பேர் என்கிற கறுப்புப் பழத்தின் கெட்டிச் சாறு அரை லிட்டரும் ஆப்பிள் சாறு ஒரு லிட்டரும் சேருங்கள். கடைசியாகச் சின்னத் துண்டு பனங்கருப்பட்டி. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி இருந்தால் அதற்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. அது கரையும்போது நிறமும் அடர்ந்து, ஒரு புகைமணமும் வரும். 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்காமல் யாரும் இரண்டாவது கோப்பையைத் தொட்டதில்லை. ஆவி பறக்கிற சூடு போதும், கொதிக்க விட வேண்டாம். ஆளுக்கு இரண்டு சின்னக் கோப்பை கணக்கு.

என் வீட்டில் இரண்டு பானை வைப்போம், கணவருடைய நண்பர்கள் சிலர் குடிப்பார்கள் என்பதால். மதுவுள்ள பானையை 78 டிகிரிக்குக் கீழேயே வைக்க வேண்டும், அதுதான் ஆல்கஹோலின் கொதிநிலை. இதில் ஒரு வருடம் எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டும் ஒரே மாதிரி எஃகுப் பானை, ஒரே நிறம். நண்பர் மகள், ஆறு வயது, கரண்டியைத் தவறான பானையில் விட்டுக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் பார்த்தேன். அன்றிலிருந்து மதுவுள்ளது அடுப்புக்குப் பின்வரிசையில், சிவப்பு நாடா கட்டி, கண்ணாடிக் கோப்பைகளோடு இருக்கும். மது இல்லாதது மேசையில், பீங்கான் கோப்பைகளோடு. கார் ஓட்டி வருகிறவர்கள் எல்லாருக்கும் மேசைப் பானைதான். இங்கே ஓட்டுகிறவர் இரத்தத்தில் ஆல்கஹோல் ஆயிரத்துக்கு 0.2 தான் எல்லை, ஒரு கோப்பைகூட யோசிக்க வேண்டிய விஷயம். நீங்களும் பின்னாளில் மதுவுள்ளது வைக்க நினைத்தால் இந்தப் பிரிவை மட்டும் விடாதீர்கள். யார் எந்தப் பானையில் எடுக்கிறார்கள், ஏன் என்று கேட்கவும் கூடாது.

குளிர்ந்த பானம் வேண்டும் என்பவர்களுக்கு யூல்முஸ்ட் இரண்டு பாட்டில் வாங்குங்கள். 1910-இல் எரெப்ரோ ஊரில் பிறந்த சோடா, மது இல்லாதது, கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லாக் கடையிலும் குவிந்திருக்கும். உயரமான குவளையில் பனிக்கட்டி போட்டு, லிங்கன் என்கிற சின்னச் சிவப்புப் புளிப்புப் பழத்தின் சாறு இரண்டு கரண்டி, இஞ்சிச்சாறு அரைக் கரண்டி, எலுமிச்சை பிழிந்து, மேலே யூல்முஸ்ட் ஊற்றினால் காக்டெயில் ஆயிற்று. உறைந்த லிங்கன் பழம் நாலு மிதக்கவிட்டால் கண்ணுக்கும் அழகு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கையில் எடுத்து இரண்டு கடியில் முடிகிற மூன்று வகை, அதற்கு மேல் வேண்டாம். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைச் செய்வதானால் குழிப்பணியாரம் செய்யுங்கள். டென்மார்க்கில் கிறிஸ்துமஸுக்கு க்ளொக்கோடு சாப்பிடுவது எப்லஸ்கீவர் என்று ஒரு பலகாரம். அதைச் சுடும் சட்டியைப் பார்த்தால் நம் பணியாரக் கல்தான், அதே அரைவட்டக் குழிகள், அதேபோலக் குச்சியால் திருப்புவது. இங்கிருந்து டென்மார்க்கின் ஃப்ரெடெரிக்ஸ்ஹாவனுக்குக் கப்பலில் போய்வந்தபோது முதன்முதலில் பார்த்து அசந்து நின்றேன். அதனால் பணியாரத்தைத் தட்டில் வைத்தவுடன் இவர்களில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரிந்துவிடும், பேச்சு தானாகத் தொடங்கும். வெல்லமும் ஏலக்காயும் போட்டது ஒரு தட்டு, வெங்காயமும் விதை எடுத்த பச்சை மிளகாயும் போட்டது ஒரு தட்டு. பக்கத்தில் லிங்கன் ஜாம். அரிசியும் உளுந்தும் மட்டும் என்பதால் கோதுமை ஆகாதவர், பால் ஆகாதவர், வீகன் மூவரும் சாப்பிடலாம். இந்தக் குளிரில் மாவு பொங்காது என்று பயப்படாதீர்கள். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவை இரவு முழுக்க உள்ளே வையுங்கள், காலையில் பொங்கி நிற்கும்.

இரண்டாவது, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பருப்பு வடை. இதுவும் எல்லாருக்கும் ஆகும், ஒரு எச்சரிக்கையோடு. கடையில் வாங்கும் தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாத விருந்தாளி இருந்தால் பெருங்காயத்தை விட்டுவிட்டுச் சோம்பை அதிகம் போடுங்கள். எண்ணெய் வேலையைக் காலையிலேயே முடித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, மதியம் ஓவனில் சூடுகாட்டினால் போதும். விருந்தாளிகள் உள்ளே வரும்போது வீடு வடைப் புகையில் இருக்கக் கூடாது, ஏலக்காய் மணக்க வேண்டும். முந்திரி, பாதாம் எதுவானாலும் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு.

மூன்றாவதை நீங்கள் செய்ய வேண்டாம், வாங்கிவிடுங்கள். பெப்பர்காக்கோர் என்கிற மெல்லிய இஞ்சி பிஸ்கட். ஒன்றை உள்ளங்கையில் வைத்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, விரல் முட்டியால் நடுவில் தட்ட வேண்டும். சரியாக மூன்று துண்டாக உடைந்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். கூச்சமாக நிற்கிற கூட்டத்தை இதைவிடச் சீக்கிரம் சேர்த்துவைப்பது எதுவும் இல்லை. குங்குமப்பூ ரொட்டியான லுஸ்ஸெகாட்டும் நல்லதுதான். ஆனால் பேக்கரியில் வாங்கினாலே போதும்.

வீட்டைப் பற்றி ஒன்று. மூன்றரை மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிடும், நீங்கள் உடனே குழல்விளக்கைப் போடுவீர்கள். போடாதீர்கள். ஜன்னலில் ஒரு காகித நட்சத்திரம், மேசையில் மெழுகுவர்த்தி, நம் வீட்டுக் குத்துவிளக்கு இருந்தால் அதையும் ஏற்றி வையுங்கள். நான்கு மெழுகுவர்த்தி உள்ள தாங்கி வாங்கினால், வாரம் ஒன்றாகத்தான் ஏற்ற வேண்டும். இரண்டாவது ஞாயிறு என்றால் இரண்டு மட்டும் எரியட்டும். வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள், அந்த ஒன்றில் நாமும் அவர்களும் ஒரே ஊர். பூவோ தொட்டிச் செடியோ கொண்டுவருவார்கள், பெரும்பாலும் ஹையசிந்த். வாங்கியதும் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள்.

இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று ஒரு தடவை சொல்லலாம், இரண்டாவது தடவை வேண்டாம். எனக்கு இன்றும் நாக்கு நுனிவரை வரும், அடக்கிக்கொள்வேன். திங்கட்கிழமை உங்களைப் பார்த்ததும் 'தாக் ஃபோர் செனஸ்ட்' என்பார்கள், போன முறைக்கு நன்றி என்று பொருள். நீங்களும் அந்த இரண்டு வீடுகளுக்குப் போய்வந்தபின் அடுத்து பார்க்கும்போது மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

பணியாரக் கல் கொண்டுவந்திருக்கிறீர்களா? என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று ஊரிலிருந்து வந்த இரும்புக் கல், பழகினது, ஒட்டாது. எழுதுங்கள், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு நம் வீட்டில் சாப்பாடு, முடியும் நேரம் எதுவும் கிடையாது.