மான்ஸ்ஃபெல்ட் தாலர்: 26.4 கிராம் எடை சரியா?

உங்கள் மான்ஸ்ஃபெல்ட் தாலர் (பழைய ஜெர்மானிய வெள்ளிக்காசு) 26.4 கிராம் இருக்கிறது, காந்தமும் ஒட்டவில்லை, அசலா என்று கேட்டிருந்தீர்கள். காந்தம் ஒட்டாததை மட்டும் நம்பாதீர்கள். செம்புக்கும் ஈயத்துக்கும்கூட ஒட்டாது. உறுத்துவது எடைதான். 1566 ஆக்ஸ்பர்க் நாணய ஆணைப்படி ரைஷ்ஸ்தாலர் (பேரரசின் தர அளவிலான தாலர்) 29.23 கிராம், வெள்ளி 889/1000. தேய்ந்தே ஏறக்குறைய 3 கிராம் குறைந்திருந்தால் எழுத்துகள் மழுங்கியிருக்க வேண்டும். உங்கள் படத்தில் அவை தெளிவாக உள்ளன.

தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு 2.56 கிராம் அருகே காட்டினால் அடர்த்தி 10.3 (26.4 ÷ 2.56), உலோகம் பொருந்துகிறது. 3 கிராமை நெருங்கினாலோ தாண்டினாலோ போலி. காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும்.

அடர்த்தி பொருந்தினாலும், அச்சடிக்காமல் உருக்கி வார்த்த போலியாக இருக்கலாம். விளிம்பில் அரம் போட்ட தடமும் லென்ஸில் நுண்துளைகளும் தெரிகின்றனவா? மேல்விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு மட்டும் சந்தேகத்துக்குரியதல்ல. புனித ஜார்ஜ் உருவம் உள்ள இந்தக் காசைப் போர்வீரர்கள் தாயத்தாக அணிந்தார்கள். அதே மோகத்தால் பிற்கால நகல்களும் ஏராளம். தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.