மடியைப் பிசையும் பூனை, காதைச் சப்பும் பூனை: கேள்வி பதில்

கேள்வி: மடியில் ஏறியதும் முன்னங்கால்களை மாற்றி மாற்றி அழுத்துகிறது. மாவு பிசைவதுபோல் இருக்கிறது. எதற்காக?

பதில்: குட்டியாக இருக்கும்போது தாயின் முலைக்காம்பைச் சுற்றி இப்படித்தான் அழுத்தும். அந்த அழுத்தத்தில் தாயின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும். கன்று மடியை முட்டுகிறதே, அதே சங்கதி. பால்குடி மறந்தாலும் இந்த அசைவு மறப்பதில்லை. கதகதப்பாக, நிம்மதியாக இருக்கும் நேரத்தில் தானாக வந்துவிடும். பாதத்தில் வாசனைச் சுரப்பிகளும் உண்டு என்பதால் உங்கள் மேல் தன் வாடையும் ஏறுகிறது. அப்போது எச்சில் வடிந்தால் பயமில்லை. மற்ற நேரத்திலும் வடிந்து, வாயும் நாறினால் பல்லையும் ஈறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நகம் துணியைத் தாண்டித் தொடையில் இறங்குகிறது. பிசைவதை எப்படி நிறுத்துவது?

பதில்: பிசைவதை விட்டுவிடுங்கள், நகத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முன்னங்கால்களின் 10 நகங்களையும் வெட்டினால் போதும். தூங்கி எழுந்த மந்தத்தில் இருக்கும்போது விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் பகுதி. அதற்கு 2 மி.மீ. முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நகம் கறுப்பாக இருந்தால் வளைந்த நுனியை மட்டும் எடுங்கள். மழுங்கிய நகவெட்டி நகத்தை நசுக்கிப் பிளக்கும். ஒருமுறை வலித்துவிட்டால் அடுத்த முறை பாதத்தைத் தொடவே விடாது. ரத்தம் கசிந்தால் சோளமாவைக் கொஞ்சம் வைத்து அழுத்துங்கள். மடியில் நான்காக மடித்த தடித்த துணி ஒன்று இருக்கட்டும். நகத்தை அறுவை செய்து எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கும் வேலை அது. வேண்டவே வேண்டாம்.

கேள்வி: 5 மாதக் குட்டி, நான் படுத்தால் என் காது மடலைச் சப்புகிறது. 5 வாரத்திலேயே தாயைப் பிரிந்ததுதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். நான்காவது வாரத்தில் தொடங்கும் பால் மறப்பு முடிய எட்டு வாரமாவது ஆகும். 12 வாரம் வரை தாயோடு இருப்பது நல்லது. ஆனால் எல்லாப் பழியையும் இதன் மேல் போட முடியாது. சியாமீஸ், பர்மீஸ் வகைகளில் துணி சப்பும் பழக்கம் வம்ச வழியாகவும் வருகிறது.

கேள்வி: அதை எப்படி மறக்கடிப்பது? திட்டினாலும் கேட்பதில்லை.

பதில்: திட்டுவதும் அதற்கு ஒரு கவனிப்புதான். வாய் வைப்பதற்கு முன்பே அடையாளம் தெரியும்: மூக்கைக் கழுத்திடுக்கில் நுழைக்கும், கண் பாதி மூடும், குர்குர் சத்தம் கூடும். அந்தக் கணத்தில் ஒரு மென்மையான துணிப் பொம்மையை நடுவில் வையுங்கள். அதை ஒதுக்கிவிட்டு உங்களிடமே வந்தால் பேசாமல் எழுந்து போய்விடுங்கள். தள்ளவும் வேண்டாம், தடவவும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். பாட்டி மட்டும் "பாவம், குழந்தை" என்று விட்டுக்கொடுத்தால் பழக்கம் முன்னைவிட இறுகும், ஏனென்றால் விடாமல் முயன்றால் எப்போதாவது கிடைக்கும் என்று கற்றுக்கொள்கிறது. முதல் சில நாள் நச்சரிப்பு கூடத்தான் செய்யும். அதைத் தோல்வி என்று நினைத்துப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். படுக்கும் முன் 10, 15 நிமிடம் கயிற்றுக்குச்சியால் ஓடவிட்டு, உடனே சாப்பாடு கொடுங்கள். வேட்டையாடி, தின்று, நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்குவதுதான் பூனையின் முறை. தண்ணீர் பீய்ச்சினால் பழக்கம் போகாது, உங்கள் மேல் பயம்தான் வரும்.

கேள்வி: காதில் ஏதாவது எண்ணெய் தடவி வைத்தால்?

பதில்: டீ ட்ரீ எண்ணெய், எலுமிச்சை வகை எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு. நீங்கள் ஏற்கெனவே தடவிக்கொள்வதையும் யோசியுங்கள். முடி வளர்க்கும் மினாக்ஸிடில் சிறிதளவு உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. வலி நிவாரண ஜெல்லும் ஆகாது.

கேள்வி: கம்பளியைச் சப்பி, ஓரத்தை ஓட்டையாக்கிவிட்டது.

பதில்: இந்தப் பக்கத்தில் அவசரமான கேள்வி இதுதான். சப்புவது வேறு, விழுங்குவது வேறு. நீள இழையின் ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கினால் குடல் சுருக்குப்பைபோல் மடிந்து அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள். தொடர் வாந்தி, சாப்பிடாமை என்றால் அன்றைக்கே மருத்துவமனை. கம்பளி எல்லாம் மூடியுள்ள பெட்டிக்குள் போகட்டும். ரத்தசோகையோ குடல் கோளாறோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாயில்லாத மூன்று குட்டிகள் ஒன்றின் அடிவயிற்றை ஒன்று சப்புகின்றன.

பதில்: உடனே தனித்தனியாக வையுங்கள். ஆண்குறிப் பகுதி வீங்கிச் சிறுநீர் அடைத்துவிடும். வீக்கம் தெரிந்தால், சிறுநீர் வரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: 9 வயதுப் பூனை. போன மாதம்தான் சப்பத் தொடங்கியது.

பதில்: புதிதாக வந்த பழக்கம் என்பதால் முதலில் உடம்பைச் சந்தேகியுங்கள். பல்வலி, மூட்டுவலி, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தீனி கூடியும் எடை குறைந்தால் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை முதலில். எல்லாம் சரியென்றால் வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள்: புது ஆள், புது விலங்கு, இடம் மாறிய மலத்தட்டு.