பாம்புத்தாராவும் புது லென்ஸும்

வணக்கம் ஐயா,

ஜனவரியில் மயாமியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் 70-300 மி.மீ. லென்ஸ்தான் இருக்கிறது. மாப்பிள்ளை, தூரத்தில் இருப்பதை இன்னும் நெருக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸ் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கட்டுமா? அங்கே எதைப் படம் எடுப்பது?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் வேண்டாம், இருப்பதே போதும். கிளம்புவதற்கு முன் கை பழக, சில காலைகள் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் உட்காருங்கள். பாம்புபோல் நீண்ட கழுத்துள்ள நீர்ப்பறவையான பாம்புத்தாரா கண்ணில் பட்டால் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. சத்தமில்லாமல் அமிழும். மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள், தள்ளித்தான் எழும். அலகில் மீன் குத்தியிருக்கும். உதறி, மேலே வீசி, தலைப்பக்கமாக வாயில் வாங்கி விழுங்கும். அந்த வீச்சுதான் படம். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறைய வேண்டாம். வாத்துக்குப் போலன்றி இதன் இறகு நனைந்துவிடும். அதனால் கரையேறிச் சிறகு விரித்துக் காயும், பெரும்பாலும் வெயிலுக்கு முதுகு காட்டி. வெயில் உங்கள் பின்னால் இருந்தால் கறுப்பில் ஓடும் வெள்ளிக்கோடுகள் அப்படியே கிடைக்கும்.

இதன் அமெரிக்கப் பங்காளிதான் அனிங்கா. எவர்கிளேட்ஸில் அனிங்கா டிரெயில் என்ற நடைபாதை அதன் பெயரில்தான் இருக்கிறது. நம் ஏரியில் மாசி, பங்குனியில் நீர் வற்றி மீன்கள் பள்ளத்தில் ஒதுங்குமே, அங்கே மழை மே முதல் அக்டோபர் வரை என்பதால் ஜனவரியிலேயே அது தொடங்கிவிடும். பறவையும் முதலை இனமான அலிகேட்டரும் மிச்சத் தண்ணீரைச் சுற்றியே இருக்கும். பறவைகள் பாதையோரமே உட்காரும் இடத்தில் 600 எதற்கு? இனப்பெருக்கக் காலத்து ஆண் அனிங்காவின் கண்ணைச் சுற்றி மரகதப் பச்சை ஏறியிருக்கும். ஃபோகஸை அங்கே வையுங்கள். பக்கத்தில் வெள்ளைக்கொக்கு நின்றால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லையென்றால் வெள்ளை வெளுத்து இறகே தெரியாது.

அலிகேட்டரிடமிருந்து 15 அடியாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. கூட்டுப் பக்கம் நெருங்கவே நெருங்காதீர்கள். தாய் எழுந்து பறந்தால் முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் போய்விடும். பறக்கும் படத்துக்காக நம் ஏரிகளில் கல்லெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எடுத்த படத்தை நான் படமாகவே மதிப்பதில்லை.

இன்னொன்று: அந்த நடைபாதையின் கார் நிறுத்துமிடத்தில் பிணந்தின்னிக் கழுகு வகையான கருங்கழுகுகள் வைப்பர் ரப்பரையும் கண்ணாடி ஓர ரப்பரையும் பிய்த்துவிடும். வண்டியை மூட அங்கேயே தார்ப்பாய் வைத்திருப்பார்கள். மாப்பிள்ளையிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.