பென்ஷனை வச்சு வெளிநாட்டுல குடியேறலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஐ.சி.எஃப்-ல (சென்னை ரயில் பெட்டி தொழிற்சாலை) டெக்னீஷியனா இருந்து ரிட்டையர் ஆனவன். வயசு 62. பென்ஷன், டி.ஆர் (அகவிலை நிவாரணம்) எல்லாம் சேர்த்து மாசம் 48,000 ரூபா வருது. வீட்டுக்காரம்மாவுக்கு 57. பசங்க ரெண்டு பேரும் செட்டில் ஆயிட்டாங்க. தாய்லாந்துல 50 வயசு தாண்டினவங்களுக்கு ரிட்டையர்மென்ட் விசா தர்றாங்க, சியாங் மாய் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்தா செலவு கம்மி, நிம்மதியா இருக்கலாம்னு நண்பர் சொல்றார். என் பென்ஷனுக்கு விசா கிடைக்குமா? இங்க வீட்டை வித்துட்டே போயிடலாமா?
- வில்லிவாக்கம் வாசகர்

பதில்: சார், கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், வீட்டை விக்காதீங்க. காரணம் கீழ வருது.

விசா கிடைக்குமான்னா கிடைக்கும், ஆனா உங்க பென்ஷனை காட்டி கிடைக்காது. தாய்லாந்து ரூல்படி மாச வருமானம் 65,000 பாட் (அந்த ஊர் பணம்) இருக்கணும், இல்லன்னா பேங்க்ல 8 லட்சம் பாட் இருக்கணும், அதுவும் இல்லன்னா வருஷ வருமானமும் டெபாசிட்டும் சேர்ந்து 8 லட்சம் வரணும். ஒரு பாட் சுமாரா இரண்டே முக்கால் ரூபான்னு வச்சுக்கிட்டா 65,000 பாட்ங்கறது 1,78,000 ரூபாய்க்கு மேல, நம்ம ஊர்ல அந்த பென்ஷன் வாங்குறவங்க எத்தனை பேர் இருப்பாங்க சொல்லுங்க. உங்க 48,000 அங்க 17,500 பாட் கூட வராது. யூடியூப்ல அந்த மாச வருமான வழியை பத்தி பேசுறவங்கள்ல நிறைய பேர் அமெரிக்கா ஐரோப்பாக்காரங்க, அவங்க கணக்கு வேற, அதை பார்த்து நாம பிளான் போட்டா சரிப்படாது. அதனால உங்களுக்கு டெபாசிட் வழிதான். 8 லட்சம் பாட்னா சுமார் 22 லட்சம் ரூபா. கம்யூட்டேஷன் (பென்ஷன்ல ஒரு பகுதியை முன்னாடியே மொத்தமா வாங்கறது), கிராஜுவிட்டில வந்த பணம் எஃப்.டி-ல இருந்தா அதை இதுக்கு யோசிக்கலாம். மூணாவது வழியில பென்ஷனையும் சேர்த்து காட்டினா டெபாசிட் 6 லட்சம் பாட் கிட்ட போதும், ஆனா அந்த வருமானத்துக்கு எம்பசி லெட்டர் கேப்பாங்க, வருஷா வருஷம் அந்த அலைச்சல் எதுக்கு, முடிஞ்சா முழு தொகையையும் டெபாசிட்லயே காட்டிடுங்க.

இதுல ரெண்டு வகை விசா இருக்கு. ஓ-ஏ-ன்னு ஒண்ணு, இந்தியாவுல இருந்தே தாய்லாந்து ஈ-விசா சைட்ல போடணும், ஒரு வருஷத்துக்கு தருவாங்க, இதுல ஒரு சௌகரியம் என்னன்னா முதல் தடவை போடும்போது பணம் நம்ம ஊர் பேங்க்லயே இருக்கலாம். போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டும், தொழுநோய், டிபி, யானைக்கால் மாதிரி சில வியாதி இல்லன்னு டாக்டர் சர்டிபிகேட்டும் வேணும். ஆனா 30 லட்சம் பாட் கவரேஜ் உள்ள ஹெல்த் இன்ஷூரன்ஸ் கேப்பாங்க, அதாவது 80 லட்சம் ரூபாய்க்கு மேல, 62 வயசுல சுகரோ பிபியோ இருந்துட்டா பிரீமியம் எங்கயோ போய் நிக்கும், சில கம்பெனி தரவே மாட்டான். இன்னொண்ணு வெறும் ஓ விசா, 90 நாள் தருவாங்க, அப்புறம் அங்க இமிக்ரேஷன் ஆபீஸ்ல வருஷா வருஷம் நீட்டிக்கணும், ஃபீஸ் 1,900 பாட், இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்ல, ஆனா பணம் வெளிநாட்டுல இருந்து தாய்லாந்து பேங்க்குக்கு வந்திருக்கணும். கட்டாயம் இல்லங்கறதுக்காக இன்ஷூரன்ஸ் இல்லாம போயிடாதீங்க சார், ப்ளீஸ். உங்க ரயில்வே மெடிக்கல் கார்டு பெரம்பூர் ஆஸ்பத்திரி மாதிரி நம்ம நாட்டுலதான் செல்லும், சியாங் மாய்ல செல்லாது, அங்க பிரைவேட் ஆஸ்பத்திரில ஒரு ஸ்டென்ட் வைக்கிற நிலைமை வந்தா கையில இருக்கிறது கரைஞ்சுடும்.

நிறைய பேர் கவனிக்காத விஷயம், அந்த 8 லட்சம் உங்க பணம்தான் ஆனா உங்க இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. நீட்டிக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கணக்குல முழுசா இருக்கணும், நீட்டிச்ச பிறகு மூணு மாசம் தொடக்கூடாது, அதுக்கப்புறமும் 4 லட்சம் பாட்டுக்கு கீழ இறங்கக்கூடாது. அப்போ 11 லட்சம் ரூபா நிரந்தரமா முடங்கிப் போச்சு, மிச்சமும் வருஷத்துல சில மாசம்தான் கைக்கு வரும், மறுபடி நிரப்பணும். அதனாலதான் சொல்றேன், அந்த 22 லட்சம் போனாலும் இங்க வாழ முடியும்ங்கற நிலைமையில இருந்தா மட்டும் இறங்குங்க. விசாவை புதுப்பிக்க முடியாம போச்சுன்னா திரும்பி வர இடம் வேணும், வில்லிவாக்கம் வீடு அதுக்குத்தான். வாடகைக்கு விடுங்க, அந்த வாடகையே அங்க வாடகைக்கு ஓரளவு ஆகும்.

நீட்டிக்கப் போற அன்னிக்கு பேங்க்ல இருந்து லெட்டர் வாங்கணும், பாஸ்புக்ல அன்னிக்கு தேதி இருக்கணும். அதனால அங்க இருக்கறவங்க காலைல பேங்க் திறந்ததும் போய் ஒரு 100 பாட் போட்டு என்ட்ரி போட்டுக்கிட்டு, பக்கத்துக்கு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து நீல பேனாவுல கையெழுத்து போட்டுக்கிட்டு நேரா இமிக்ரேஷன் போவாங்க. நேத்து தேதின்னா திருப்பி அனுப்புற ஆபீஸும் உண்டு. அப்புறம் 90 நாளைக்கு ஒரு தடவை இந்த அட்ரஸ்லதான் இருக்கேன்னு ரிப்போர்ட் பண்ணணும், ஆன்லைன்லயும் செய்யலாம். பொங்கலுக்கு ஊருக்கு வர்றீங்கன்னா கிளம்பறதுக்கு முன்னாடி ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கணும், ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. அதை வாங்காம விமானம் ஏறினா போட்ட எக்ஸ்டென்ஷன் அதோட செத்துப்போச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வேலை எதுவும் பார்க்கக்கூடாது, டியூஷன் கூட கூடாது.

பேப்பர் விஷயத்துல நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு தலைவலி இருக்கு, இனிஷியல். உங்க பி.பி.ஓ-ல (பென்ஷன் உத்தரவு) இனிஷியலோட பேர் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேம்ல போயிருக்கும், பேங்க்ல இன்னொரு மாதிரி இருக்கும். நமக்கு ஒரே ஆள்னு தெரியும், அங்க கவுன்டர்ல இருக்கறவங்களுக்கு மூணு ஆள். மூணும் நான்தான்னு ஒரு அஃபிடவிட் முன்னாடியே வாங்கி வைங்க, முடிஞ்சா பேங்க் பேரையாவது பாஸ்போர்ட் மாதிரியே மாத்திடுங்க. வீட்டுக்காரம்மாவை உங்க டிபென்டன்டா காட்டினா அவங்களுக்கு தனியா 8 லட்சம் வேண்டாம், ஆனா பதிவு பண்ணின மேரேஜ் சர்டிபிகேட் வேணும். அந்த காலத்து கல்யாணம், பதிவு பண்ணியிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன், இப்பவும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பண்ணலாம், முதல் வேலையா அதை முடிங்க.

பணம் அனுப்பறதுல ஒரு நிதியாண்டுல 10 லட்சத்துக்கு மேல போனா மேல போற தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிப்பாங்க. ஐ.டி ரிட்டர்ன்ல திரும்ப வரும்னாலும் அதுவரைக்கும் முடங்கும். கொஞ்சம் மார்ச்லயும் கொஞ்சம் ஏப்ரல்லயும் அனுப்பினா பெருசா குறையும். அங்கயே தங்கிட்டா இங்க உங்க பேங்க் கணக்கை என்.ஆர்.ஓ-வா (வெளிநாட்டுல வாழற இந்தியர் கணக்கு) மாத்தணும், பென்ஷன் அதுலயே வரும். நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் மறக்கக்கூடாது, பாங்காக் எம்பசிலயோ சியாங் மாய்லயே இருக்கற இந்திய கான்சுலேட்லயோ கையெழுத்து வாங்கி அனுப்பலாம். ஓடிபி வர்ற இந்திய சிம்மை உயிரோட வைங்க, அது கட் ஆனா உங்க பணத்தை நீங்களே பார்க்க முடியாது. இன்னொண்ணு, வருஷத்துல 180 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா தாய்லாந்து டாக்ஸ் ரெசிடென்ட் ஆயிடுவீங்க, 2024-ல இருந்து வெளிநாட்டு வருமானத்தை உள்ள கொண்டு வந்தா அது வரி கணக்குல வரும், கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கற வரி ஒப்பந்தம் தெரிஞ்ச ஆடிட்டரை பாருங்க.

சியாங் மாய் அழகான ஊர்தான். ஆனா பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் சுத்தி வயலையும் காட்டையும் எரிப்பாங்க, மலை கண்ணுக்கே தெரியாத அளவுக்கு புகை, வீசிங் இருக்கறவங்களுக்கு ரொம்ப கஷ்டம். அதனால முதல்ல டூரிஸ்ட்டா போய் வாடகை வீட்ல இருந்து பாருங்க, அதுவும் டிசம்பர்ல போய் பார்த்துட்டு முடிவு எடுக்காதீங்க, மார்ச்ல போங்க, வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு போங்க. அக்கம்பக்கம் பேச ஆள் இல்லாம அவங்களுக்கு எப்படி இருக்குன்னு அப்போதான் தெரியும், இதுல அவங்க முடிவுக்கும் பாதி உரிமை இருக்கு.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தை சேர்ந்தவன், 30 வருசத்துக்கு மேல லண்டன்ல இருக்கிறன், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அடுத்த வருசம் ஸ்டேட் பென்ஷன் தொடங்குது. தாய்லாந்து போறதோ இல்லாட்டி ஊருக்கே போய் இருக்கிறதோ எண்டு யோசிக்கிறன். இலங்கையில ரிட்டையர்மென்ட் விசா எடுக்கிறது கஷ்டமோ?
- ஹரோ வாசகர்

பதில்: ஐயா, ரெண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை முதல்ல சொல்லணும். பிரிட்டிஷ் ஸ்டேட் பென்ஷன் வருஷா வருஷம் ஏறும்ல, அந்த ஏற்றம் தாய்லாந்துல இருந்தாலும் கிடைக்காது, இலங்கைல இருந்தாலும் கிடைக்காது, இந்தியாவுலயும் இல்ல. நீங்க போற அன்னிக்கு என்ன தொகையோ அதுலயே உறைஞ்சு நிக்கும், 20 வருஷம் கழிச்சும் அதேதான். பிலிப்பைன்ஸ், ஐரோப்பிய யூனியன் நாடுகள், அமெரிக்கா இங்கெல்லாம் போனா ஏறும். வாழ்நாள் முழுக்க சந்தா கட்டினவங்களுக்கு நாட்டை பார்த்து இப்படி பண்றது நியாயமே இல்ல, ஆனா இன்னிக்கு சட்டம் அதுதான், அதை வச்சுத்தான் கணக்கு போடணும்.

தாய்லாந்துக்கு ஸ்டேட் பென்ஷன் மட்டும் போதாது, முழு பென்ஷனே மாசம் ஆயிரம் பவுண் சுமார்தான், 65,000 பாட்டுக்கு எட்டாது. கம்பெனி பென்ஷனும் சேர்ந்து எட்டினாலும் பிரிட்டிஷ் எம்பசி வருமான லெட்டர் தர்றதை 2019-ல இருந்து நிறுத்திட்டாங்க, மாசா மாசம் தாய்லாந்து பேங்க்குக்கு வந்த பணத்தை ஸ்டேட்மென்ட்ல காட்டணும்.

இலங்கைக்கு மை ட்ரீம் ஹோம் விசான்னு இருக்கு, 55 வயசுக்கு மேல, 15,000 டாலர் டெபாசிட், மாசம் 1,500 டாலர் வெளில இருந்து வரணும், கூட வர்றவருக்கு 750. ஆனா உங்களுக்கு இது எதுக்கு ஐயா? நீங்க அங்க பிறந்தவர். பிரஜாவுரிமையை விட்டவங்க இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 55 வயசு தாண்டினவங்கங்கறதே அதுல ஒரு தகுதி. டெபாசிட் இல்ல, மாசக் கணக்கு இல்ல, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற வேலையும் இல்ல. பிறப்பு சர்டிபிகேட், பழைய பாஸ்போர்ட், பிரிட்டிஷ் குடியுரிமை பேப்பர் எல்லாம் தேடி எடுத்து லண்டன்ல இருக்கற இலங்கை ஹைகமிஷனை பாருங்க. பிறப்பு சர்டிபிகேட் போர்க்காலத்துல தொலைஞ்சிருந்தா பிரதேச செயலகத்துல பிரதி எடுக்க இப்பவே யாரையாவது ஊர்ல பிடிங்க, அதுக்குத்தான் நாள் எடுக்கும்.

கேள்வி: வயது 58, கணவர் இல்லை, ஃபேமிலி பென்ஷன் 19,000 வருகிறது. மகன் கோலாலம்பூரில் வேலையில் இருக்கிறான். மலேசியா மை செகண்ட் ஹோம் திட்டத்தில் நான் போய் இருக்க முடியுமா?
- திருச்சி வாசகி

பதில்: அம்மா, அந்த திட்டம் இப்போ பணக்காரங்களுக்கான திட்டமா ஆயிடுச்சு. அதுல சில்வர்ங்கற பிரிவுக்கே 1,50,000 டாலர் டெபாசிட், கூடவே 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்கணும். உங்க பென்ஷனை காட்டி வாங்கித் தர்றேன்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. உங்களுக்கு வேற வழி இருக்கு, மகன் எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல (அங்க வேலை பார்க்க தர்ற அனுமதி) முதல் ரெண்டு கேட்டகரில இருந்தா அம்மா அப்பாவுக்கு லாங் டெர்ம் சோஷியல் விசிட் பாஸ் அவரோட கம்பெனி மூலமா போடலாம். அவர் பாஸ் இருக்கற வரைக்கும் உங்களுதும் இருக்கும். மகனை கம்பெனி ஹெச்.ஆர்-ல தன் கேட்டகரி என்னன்னு கேக்கச் சொல்லுங்க, நீங்க அதுக்குள்ள அவரோட பிறப்பு சர்டிபிகேட்ல உங்க பேரும் உங்க பாஸ்போர்ட்ல இருக்கற பேரும் எழுத்து மாறாம ஒண்ணா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா திருத்தத்துக்கு இப்பவே எழுதிக் கொடுங்க.