பத்து இலட்சம் கடன், ஐம்பத்தைந்தாயிரம் சம்பளம்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறோம். மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவில் ஒரு பியும் இரண்டு சியும் எடுத்தாள். பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. ஆசிரியராக வேண்டும் என்பதே சிறு வயதிலிருந்து அவள் ஆசை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் கல்விமாணிப் பட்டத்தை மூன்று வருடத்தில் பெறலாம் என்கிறது. கட்டணம் 14 இலட்சம் ரூபாய். கையில் 4 இலட்சம் இருக்கிறது. மீதி 10 இலட்சத்தை 14 வீத வட்டியில், ஐந்து வருடத் தவணைக்குத் தர ஒரு நிதிக் கம்பனி தயார். மாதம் 28,333 ரூபாய் கட்ட வேண்டும். படிப்பு முடிந்ததும் சர்வதேசப் பாடசாலையில் 55,000 ரூபாய் சம்பளம் கிடைக்கும், பிள்ளையே கடனைக் கட்டிவிடுவாள் என்று அங்கே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எடுக்கலாமா?

பதில்: முதல் தவணை எந்த மாதம் என்று கேட்டீர்களா, அம்மா? கடன் கையில் வந்த அடுத்த மாதமே என்றால், மகள் வகுப்பில் இருக்கும் 36 மாதமும் கட்டப்போவது நீங்கள்தான். அது 10 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். வாங்கிய கடன் தொகையைவிடக் கூடுதலான பணம், அவள் ஒரு ரூபாய் உழைக்கும் முன்பே வீட்டிலிருந்து போய்விடும். "பிள்ளையே கட்டிவிடுவாள்" என்ற கணக்கில் பிள்ளையின் பங்கு கடைசி இரண்டு வருடம் மட்டும்.

அந்த இரண்டு வருடமும் எப்படி இருக்கும் என்று பாருங்கள். 55,000 ரூபாயில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,400 ரூபாய் கழியும். தவணையும் போனால் கையில் 22,267 ரூபாய். காலி வீதியில் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் எடுத்துவிட்டு அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அந்த 55,000 கூட நிறுவனத்தின் வாய்ச்சொல்தான். சர்வதேசப் பாடசாலைகளில் சம்பளத்தை நிர்வாகமே தீர்மானிக்கிறது. அரசாங்கச் சம்பளப் படிமுறை அங்கே செல்லாது.

அடுத்தது வட்டி. 28,333 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஐயம் வந்தது, கணக்கிட்டுப் பார்த்தேன். 14 வீதத்தைக் குறைந்துவரும் மீதிக்கு மட்டும் போட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 23,268 ரூபாய்தான் வரும். உங்களிடம் சொன்னது, வாங்கிய பத்து இலட்சம் முழுவதற்கும் ஐந்து வருடமும் குறையாமல் வட்டி போட்ட கணக்கு. பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழுக் கடனுக்கு வட்டி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல். மற்றக் கடன்களோடு ஒப்பிடும் முறையில் சொன்னால், இந்தப் பதினான்கு உண்மையில் 23 வீதத்தையும் தாண்டுகிறது. எந்த இடத்தில் கடன் கேட்டாலும் வட்டி வீதத்தோடு நிறுத்தாமல், மாதாமாதம் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று காட்டும் தவணை அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணத்தில் ஒரு பகுதி பவுண்ஸிலோ டொலரிலோ கட்ட வேண்டியதா என்றும் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அந்த வருடம் வெளிநாட்டுக் கட்டணம் கட்டிய பெற்றோரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இனி பட்டத்துக்கு வருவோம். அரச பாடசாலைக்குப் போனால், 14 இலட்சம் கொடுத்துப் பெற்ற பட்டத்துக்கும் அரச பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் பெற்ற பட்டத்துக்கும் இலங்கை ஆசிரியர் சேவையில் ஒரே படிமுறைதான். கூடுதலாகச் செலவழித்தீர்கள் என்பதற்காக யாரும் சம்பளத்தை உயர்த்தப்போவதில்லை. இதனால்தான் மருத்துவத்துக்கோ கணக்கியலுக்கோ ஓரளவு துணிந்து கடன் எடுக்கச் சொல்லும் நான், ஆசிரியர் படிப்பென்றால் கையைப் பிடித்து இழுக்கிறேன். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய்க்குக் கட்டம் கட்டமாக உயர்த்த முடிவானது. ஆசிரியரின் ஆரம்பச் சம்பளம் அதற்கு மேலே. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு வேறாக வரும். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த நியமனம் கிடைக்க வர்த்தமானி வர வேண்டும், போட்டிப் பரீட்சையில் தேற வேண்டும், பட்டம் ஏற்கப்பட வேண்டும்.

"அங்கீகாரம் உண்டு" என்று நிறுவனம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் முழுப் பெயரையும் குறித்துக்கொண்டு, வார்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் நேரடியாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பதிவுக் கட்டணம்கூடக் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

மகளின் பெறுபேற்றோடு முதலில் தட்ட வேண்டிய கதவு தேசிய கல்வியியற் கல்லூரி. நாட்டில் 19 இருக்கின்றன. தமிழ்மூலம் பயில வவுனியா, கோப்பாய், மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை ஸ்ரீபாத போன்றவை உண்டு. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. கட்டணம் கிடையாது, கொடுப்பனவும் உண்டு. முடித்தவர்களுக்கு ஆசிரியர் சேவையில் நியமனம். இதிலும் குறை இருக்கிறது: வெட்டுப்புள்ளி உண்டு, அழைப்புத் தாமதமாகும், நியமனம் வெள்ளவத்தையிலிருந்து வெகு தூரத்தில் கிடைக்கலாம். பட்டம்தான் வேண்டுமென்றால் பிறகு, சம்பளம் வாங்கிக்கொண்டே, மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தில் கல்விமாணி படிக்கலாம்.

கடன் எடுத்தே ஆக வேண்டுமென்றால், 2017இல் தொடங்கிய வட்டியற்ற மாணவர் கடனை விசாரியுங்கள். அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதவர்களுக்கானது. வட்டியை அரசாங்கம் ஏற்கிறது, திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்த பின்னர். அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கும் பட்டங்களுக்கும் மட்டும்தான். உங்கள் மகளுக்குக் காட்டிய பட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். என்ன பதில் வருகிறது, எவ்வளவு தயங்கி வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பாடசாலையில் கற்பிக்கிறேன். கலைமாணிப் பட்டம் இருக்கிறது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகக் கடன் எடுக்கலாமா?

பதில்: படியுங்கள், கடன் வேண்டாம். நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் வேலையை விடாமலே தமிழ்மூலம் படிக்க முடியும். பட்டத்தோடு இந்த டிப்ளோமாவும் சேர்ந்தால் அரச ஆசிரியர் சேவையில், பட்டம் மட்டும் உள்ளவர்களைவிட உயர்ந்த 2-II தரத்துக்கான தகைமை உங்களுக்கு உண்டு. கட்டணத்தைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒதுக்கிவைத்துக் கட்டுங்கள். ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை. விண்ணப்பிக்க முன்னர் உங்கள் அதிபரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: டிப்ளோமா முடித்தால் இங்கே சம்பளம் எவ்வளவு கூடும்? எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள்.